பங்குப் பேரவை மனு: காலநிலை மாற்றத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? (கொடைக்கானல், பழனி மலை)

■ செண்பகனூர்க்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோவில் வட்டாரத்தில்) வருடா வருடம் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை ‘படைப்பின் காலம்’ கடைப்பிடிக்கிறோம். மரக்கன்று நடுவோம், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைப்போம், கடைசி நாள் அசிசி பிரான்சிஸ் திருநாள் பூசையோடு முடிந்துவிடும். இந்த வருடம் பேரவைக் கூட்டத்தில் இளையோர் கொஞ்சம் சூடாகவே பேசினார்கள். நட்ட கன்றில் பாதியைக் காட்டுமாடு மேய்ந்துவிடுகிறது, மீதி சித்திரை வெயிலில் காய்கிறது, இதையே எத்தனை நாளைக்குச் செய்வது, அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டாமா என்றார்கள். பங்குத்தந்தையும் சரி என்றுவிட்டார். ஆட்சியரிடம் மனு கொடுப்பதாக முடிவானது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

போப் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், காலநிலை என்பது எல்லோருக்கும் பொதுவான நன்மை என்கிறார். 2023 அக்டோபர் 4 அன்று வந்த அடுத்த மடலில், இந்த எட்டு ஆண்டுகளில் நாம் செய்தது போதாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். அதை வைத்துத்தான் வரைவைத் தொடங்கியிருக்கிறேன். முதல் பத்தி இது:

“உலக வெப்பமாதலால் இயற்கைச் சமநிலை குலைந்து வரும் இவ்வேளையில், பாரிஸ் ஒப்பந்தத்தின்படியும், 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்று நமது நாடு 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் அளித்த உறுதியின்படியும், மத்திய மாநில அரசுகள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்…”

இதே தொனியில் இரண்டு பக்கம் போகிறது. படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். எல்லா மதத்தாரும், மேல்மலை கீழ்மலை ஆட்களும் இருக்கிற இடம் என்பதால்தான் இங்கே போடுகிறேன்.

■ மேல்மலை_பூண்டு

அக்கா, தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மனுவின் கதி எனக்கு இப்போதே தெரிகிறது. திண்டுக்கல்லில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுப்பீர்கள். வாங்கி ஒரு எண் போடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து, ‘தங்கள் மனு அரசின் கவனத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது’ என்று குறுஞ்செய்தி வரும். அதோடு முடிந்தது. பாரிஸையும் கிளாஸ்கோவையும் ஆட்சியர் என்ன செய்ய முடியும்?

எங்கள் பூம்பாறைப் பக்கம் இருக்கிற சிக்கல் என்னவென்று கேளுங்கள். பூண்டு பிடுங்குகிற நேரத்தில் வெயில் வேண்டும். பிடுங்கியதைத் தாளோடு கற்றை கட்டி, அடுப்புப் புகை படுகிற மாதிரி வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டால்தான் அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு. இப்போது பிடுங்குகிற நேரம் பார்த்து மழை கொட்டுகிறது. ஈரத்தோடு கட்டினால் உள்ளே பல் பல்லாக அழுகி, கையில் எடுத்தால் பொசுக்கென்று அமுங்குகிறது. புவிசார் குறியீடு 2019-லேயே வாங்கிவிட்டோம். குறியீடு இருக்கிறது, பூண்டுதான் காயமாட்டேன் என்கிறது.

எங்கள் குழந்தை வேலப்பர் கோவில் தேரைப் பார்த்திருப்பீர்கள். முன்னாலும் வடம், பின்னாலும் வடம். சரிவில் இறங்கும்போது பின்வடத்தைப் பிடிக்கிறவன்தான் தேரைக் காப்பாற்றுகிறான். அரசாங்கம் பின்வடத்தைப் பிடிக்க வேண்டிய இடம் எது என்று பார்த்து அதை எழுதுங்கள். மற்றதெல்லாம் முன்னால் இழுக்கிறவர்கள் போடுகிற கோஷம்.

■ சும்மா_வந்தேன்

அமெரிக்காவும் சீனாவும் புகை விடுகிறான். அதற்குக் கொடைக்கானலில் மனுவா? சர்ச்சுக்கு எதற்கு இந்த அரசியல் எல்லாம். பூசை வைத்தோமா, அசனம் போட்டோமா என்று இருக்கலாமே.

■ செண்பகனூர்க்காரி

பூசையும் உண்டு, சாப்பாடும் உண்டு, வாங்க தம்பி.

அரசியல் என்றால், அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சுற்றுச்சூழலையும் காட்டையும் காப்பது அரசின் பொறுப்பு என்று 48ஏ பிரிவும், அது குடிமக்களின் கடமையும்கூட என்று 51ஏ பிரிவும் சொல்கின்றன. இரண்டும் 1976-ல் ஒரே திருத்தத்தில் வந்தவை. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. கானமயில் பறவையைக் காக்கத் தொடர்ந்த வழக்கில் வந்த தீர்ப்பு அது, 14, 21 ஆகிய பிரிவுகளைக் காட்டிச் சொன்னார்கள். கடமையும் உரிமையும் இருக்கிற குடிமக்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்களாகவும் இருக்கலாம், தப்பில்லை.

மேல்மலைத் தம்பி சொன்னதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பின்வடம் எது?

■ ஓய்வு_வனவர்

நான் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, பேரிஜம் பக்கம் இன்று நீங்கள் ‘காடு’ என்று பார்ப்பதில் பெரும்பகுதி காடே இல்லை, தோட்டம். வாட்டில் (ஆஸ்திரேலிய வேல மரம், நீலகிரியில் சீகை என்பார்கள்), யூகலிப்டஸ், பைன். இவற்றின் விதை முதலில் வெள்ளைக்காரன் காலத்தில், 1850-களில் வந்தது. ஆனால் மலை மலையாக நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு, நம் துறைதான். தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், கூழ் ஆலைக்கு மரம் வேண்டும். புல்வெளியைப் பார்த்த அதிகாரிக்கு அது ‘சும்மா கிடக்கிற நிலம்’. 1988-ல் தேசிய வனக் கொள்கை வந்த பிறகுதான், காடு என்பது ஆலைக்குச் சரக்கு கொடுக்கிற இடம் இல்லை என்று பேச்சே மாறியது. அதற்குள் நட்டவை எல்லாம் வேரூன்றி, விதை போட்டு, தானாகவே பரவ ஆரம்பித்துவிட்டன.

பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை மரத்தோட்டமும் விவசாயமும்.

புல்வெளி போனால் என்ன என்று கேட்பீர்கள். மேல்மலையின் இயல்பு, மேட்டில் புல், மலை மடிப்பில் சோலைக்காடு, அதற்கும் கீழே சதுப்பு. மழைநீர் புல்லடியில் இறங்கி, சோலை வழியாகக் கசிந்து, மாசி பங்குனி வரை ஓடையில் வரும். அந்தப் புல்மேட்டில் வேகமாக வளர்கிற மரத்தை நெருக்கி நட்டால் தண்ணீரில் பெரும்பங்கை அதுவே குடித்துவிடும். கோடையில் அடியில் விழுந்து கிடக்கிற சருகு தீப்பிடிக்கும். தீ அணைந்த மாதமே வாட்டில் விதை முளைக்கும். அந்த விதை பல வருடம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் தோல் வெடித்து முளை விடும். எரிந்த கருப்பு மண்ணில், கீரைப் பாத்தி மாதிரி நெருக்கமாக அந்தக் கன்றுகள் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். விட்டுவிட்டால் பிறகு கோடாலி வேண்டும்.

ஆகவே அம்மா, உங்கள் மனுவில் அரசை ஏதோ வெளியாள் மாதிரி, ‘ஐயா காப்பாற்றுங்கள்’ என்று கேட்கிறீர்கள். இந்த மலையில் அரசு வெளியாள் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் அரசு, மரத்தை நட்டவர் அரசு, 2013-ல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தவரும் அரசு. உலக வெப்பத்துக்குத் திண்டுக்கல் ஆட்சியரிடம் கணக்குக் கேட்க முடியாது. வருகிற மழையை இந்த மலை தாங்குமா தாங்காதா என்பதற்குக் கேட்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இப்போது மாவட்டத்துக்கு ஒரு காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. ஆட்சியர் அதற்கு இயக்குநர். மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். ‘அது வேறு துறை’ என்று சொல்ல வழியே கிடையாது. இரண்டும் ஒரே மேசை.

■ மூஞ்சிக்கல்_கடை

ரேஞ்சர் ஐயா சொன்னது சரி. ஆனால் என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள்.

காலநிலை, சூழல் என்று பேச்சு எடுத்தாலே முதல் அடி எங்கள் மாதிரி சின்னக் கடைக்குத்தான். 2024 மே 7-ல் மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வண்டிக்கு உச்சவரம்பு வைத்தார்கள், வார நாளில் 4,000, சனி ஞாயிறு 6,000. எல்லாம் உயர் நீதிமன்றம் சொல்லித்தான். டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திரும்பக் கொடுப்பதும் நீதிமன்றம் சொல்லித்தான் முதலில் நீலகிரியில் 2022-ல் வந்தது. இந்த மலையின் பாரம் எவ்வளவு என்று அரசாங்கம் தானாக உட்கார்ந்து ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. நீதிபதி கேட்டால்தான் போடுவார்கள். நடுவில் சீசன் வியாபாரம் எனக்குப் போகிறது, மாடி மேல் மாடி கட்டியவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

எங்கள் ஜமாஅத்திலும் இந்தப் பேச்சு உண்டு. 2015-லேயே இஸ்தான்புல்லில் முஸ்லிம் அறிஞர்கள் கூடிக் காலநிலை மாற்றம் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள், போப் மடல் வந்த அதே வருடம். ஓடுகிற ஆற்றங்கரையில் நின்று ஒளுச் செய்தாலும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) தண்ணீரை வீணாக்காதே என்று நபிமொழி இருக்கிறது. எங்கள் இமாம் அதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொன்னார். சொன்ன வாரம் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரித் தண்ணீரில்தான் ஒளு. யார் வீணாக்கியது என்று பின்வரிசையில் ஒருத்தர் கேட்டார், எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மனுவில் தண்ணீர் இருக்கட்டும். கடைக்காரன் பிழைப்பும் இருக்கட்டும். அது இல்லாமல் கையெழுத்துக் கேட்டு வந்தால் மூஞ்சிக்கல்லில் ஒருத்தரும் போடமாட்டார்.

■ காப்பித்தோட்டம்

கீழ்மலைக்காரன் வந்துவிட்டேன். தாண்டிக்குடி.

எங்களுக்குப் பங்குனி சித்திரையில் ஒரு மழை வேண்டும். அது விழுந்தால் எட்டு, ஒன்பது நாளில் காப்பி பூக்கும், தோட்டமே மல்லிகை மாதிரி மணக்கும். அப்புறம் கொஞ்ச நாள் விட்டு இன்னொரு மழை, பிஞ்சு நிற்க. முதல் மழை வந்து இரண்டாவது வராமல் போனால் பூவோடு சரி. முன்பெல்லாம் அப்பா ‘இந்த வாரம் வரும்’ என்றால் முன்னே பின்னே வந்துவிடும். இப்போது கார்த்திகையில் பழம் பறிக்கிற நேரத்தில் களத்தில் தண்ணீர் நிற்கிறது, சித்திரையில் வானம் வெள்ளையாக இருக்கிறது.

வாழைக் கதை தெரியும்தானே? பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது எங்கள் விருப்பாச்சி மலைவாழை. ஒரு காலத்தில் மலை முழுக்க இருந்தது. முடிக்கொத்து நோய் வந்து காலி செய்துவிட்டது. குருத்து இலை விரியாமல், குறுகிக் குத்துக் குத்தாக உச்சியில் நிற்கும். தார் வராது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டு போகும். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது தவிர வழியில்லை. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் மற்றவர்களும் திசு வளர்ப்புக் கன்று கொடுத்துக் கொஞ்சம் மீட்டிருக்கிறார்கள்.

இது வைரஸ், காலநிலை மாற்றம் இல்லை என்று யாராவது சொல்வார்கள். ஆமாம், வைரஸ்தான். ஆனால் மானாவாரியில், நிழலுக்குக் கீழே, மேலே இருந்து கசிகிற ஈரத்தை நம்பி நிற்கிற பயிர் அது. நோயில் தப்பியதும் வறட்சியில் நொந்துபோகிறது. விவசாயிக்குச் சாவு ஒன்றுதான், காரணத்தைப் பிரித்து எழுதுவது உங்களுக்கு.

■ சும்மா_வந்தேன்

சரி, அப்போ வாட்டிலை எல்லாம் வெட்டிவிட்டால் காப்பி பூத்துவிடுமா? :)

■ ஓய்வு_வனவர்

சிரிப்புக் குறி போட்டிருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி.

மொத்தமாக வெட்டுவது ஆபத்து. சரிவில் மரத்தை ஒரே மூச்சில் எடுத்தால் அடுத்த ஐப்பசி மழைக்கு மண் ரோட்டுக்கு வந்துவிடும். 2018-ல் கஜா புயல் போனபோது இந்த மலை எப்படிக் கிடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். தவிர, வட்டக்கானல் மாதிரிச் சில இடங்களில் பழைய வாட்டில் நிழலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அங்கே வெட்டினால் நல்லதையும் சேர்த்து வெட்டுகிறோம். அங்கே சும்மா விட்டாலே போதும். புல்மேட்டில் புதிதாகப் பரவுகிற இளங்கன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதிலும் மிச்சமிருக்கிற புல்வெளியின் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, பத்து வருடமாவது திரும்பத் திரும்பப் போய் முளையைப் பிடுங்க வேண்டும். அரசுத் திட்டத்தில் வராதது அதுதான். முதல் வருடம் டெண்டர், லாரி, போட்டோ எல்லாம் இருக்கும். மூன்றாம் வருடம் தலைப்பே இருக்காது.

காப்பி பூப்பது வானத்தின் கையில். ஓடையில் மாசி மாதம் தண்ணீர் இருப்பது நம் கையில் பாதியாவது இருக்கிறது.

■ மேல்மலை_பூண்டு

ஐயா, அந்த விறகை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதி அடுப்பு எரிகிறது. ‘அகற்றுங்கள்’ என்று மனு போட்டு, நாளைக்கு எல்லாமே காகித ஆலை லாரியில் போய்விட்டால்? மேல்மலை ஆட்களுக்குப் பிடுங்குகிற வேலையும் விறகும் கிடைக்கிற மாதிரி எழுதுங்கள். கூலி வேலையை ஊராட்சி மூலம் கொடுத்தால் எங்கள் பெண்கள் வருவார்கள். எந்தக் கன்றைப் பிடுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் கொண்டுவருகிற ஆளுக்குத் தெரியாது.

■ தாராபுரம்_பாதயாத்திரை

நான் மலைக்காரன் இல்லை, வருடா வருடம் தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவன். இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

பழனிக்கு வந்தால் முதலில் சண்முகநதியில் குளித்துவிட்டுத்தான் மலையேற்றம். எங்கள் தாத்தா காலத்துப் பேச்சில் அது ‘நெஞ்சளவுத் தண்ணி’. நான் பார்க்கிற சண்முகநதியில் பல வருடம் கணுக்காலளவு, ஓரத்தில் துணியும் ஷாம்பு உறையும். பாறைக்குப் பாறை தேங்கிய தண்ணீரைச் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு கிளம்புகிறோம். அந்த ஆற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற இதே மலையின் வடக்குச் சரிவிலிருந்துதான். பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, பச்சையாறு எல்லாம் அங்கேயிருந்து இறங்குபவைதான். பழனி டவுன் குடிக்கிற தண்ணீரும் அதுவே.

கிறிஸ்தவர்கள் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறீர்கள், நல்லது. முருக பக்தன் யாரிடம் கொடுப்பது? யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. எங்கள் கோவிலை நிர்வகிப்பதே அரசின் அறநிலையத்துறை. 2024 ஆகஸ்டில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டைப் பழனியில் நடத்தியதும் அதே துறை. அடிவாரத்தில் ஆறு வற்றுகிறது என்றால் ஒரு கை நீர்வளத்துறை, இன்னொரு கை வனத்துறை, மூன்றாவது கை அறநிலையத்துறை. மூன்றும் ஒரே உடம்பு. உண்டியலில் விழுகிற காசில் ஒரு பங்கை அந்த ஆறு பிறக்கிற இடத்துக்குச் செலவழிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கலாம். பஞ்சாமிர்தத்துக்கு வாழை வேண்டும், தீர்த்தத்துக்கு ஆறு வேண்டும். இரண்டுமே மேலேயிருந்துதான் வந்தாக வேண்டும்.

மலை மேல் ரோப்காருக்குக் கூட்டம் எவ்வளவு என்று எண்ணுகிறோம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று யாரும் பலகை வைப்பதில்லை. இது என் பக்கத்து ஆதங்கம்.

■ காப்பித்தோட்டம்

தாராபுரத்து அண்ணனுக்கு ஒரு கும்பிடு. வாழைக்குத் தேவஸ்தானம் நியாயமான, நிலையான விலை பேசிவிட்டாலே கீழ்மலையில் நிழல்மரத்தை வெட்டி வீட்டுமனை போடுகிற வேகம் கொஞ்சம் குறையும். காட்டைக் காப்பதற்கு அதுவும் ஒரு வழிதான். இதை யாரும் காலநிலை என்ற தலைப்பில் எழுதுவதில்லை.

■ வெள்ளிநீர்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செண்பகனூர் அக்காவிடம் ஒரு கேள்வி, கோபப்படக் கூடாது.

இந்த மலையில் அரசுக்கு அடுத்தபடியாகப் பெரிய வளாகங்கள் வைத்திருப்பவர்கள் யார்? மடங்கள், மிஷன் பள்ளிகள், தியான இல்லங்கள். எல்லாச் சபைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டியதிலிருந்து இந்த ஊரே ஆரம்பம். அந்த வளாகங்களில் யூகலிப்டஸ் இல்லையா? திருவிழா அன்று சலேத் மாதா கோவில் பாதையில் பிளாஸ்டிக் தட்டு கிடக்கவில்லையா? விருந்தினர் விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு இல்லையா? அரசை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன்னால் என்று பழைய வசனம் பேச வரவில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால்தான் உங்கள் மனுவுக்கு மரியாதை என்கிறேன்.

■ செண்பகனூர்க்காரி

கோபமே இல்லை, இதைத்தான் எங்கள் இளையோரும் கேட்டார்கள். பேரவையில் சில பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். செண்பகனூர் குருமடம் 1895-ல் வந்தது. அங்கிருந்த இயேசு சபையினர் பூச்சி, பாம்பு, ஆர்க்கிட் என்று சேர்த்த சேகரிப்பு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. தாவரவியலாளர் அருட்தந்தை கே.எம். மேத்யூ இந்த மலையின் செடிகொடிகளை 1999-ல் பெரிய தொகுதிகளாகவே வெளியிட்டார். எந்த மேட்டில் எந்தப் புல் இருந்தது என்று இன்றைக்கு யாராவது மீட்க நினைத்தால் அந்த மாதிரிப் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும். எண்பதுகளிலிருந்து இந்த மலைக்காகச் சூழல் அமைப்புகள் குரல் கொடுத்தும் வருகின்றன. சபைகளின் பங்கில் கெட்டதும் உண்டு, கொடுக்கக் கூடியதும் உண்டு. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

இதோ இப்போதைய வரைவு. பாரிஸ், கிளாஸ்கோ எல்லாம் எடுத்துவிட்டேன்.

“பழனி மலையின் மேல்மலைப் புல்வெளிகளில் கடந்த காலத்தில் அரசால் நடப்பட்டு இப்போது தானாகப் பரவிவரும் அந்நிய மரக்கன்றுகளை, மிச்சமுள்ள புல்வெளிகளின் ஓரத்திலிருந்து தொடங்கி அகற்றவும், குறைந்தது பத்து ஆண்டுகளுக்குத் தொடர் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கவும், அந்த வேலையை அந்தந்த ஊராட்சி மக்களுக்கே வழங்கவும், கிடைக்கும் விறகில் முன்னுரிமை அவர்களுக்கே தரவும் வேண்டுகிறோம். சோலை மீண்டு வரும் இடங்களில் மரம் வெட்ட வேண்டாம். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் என்னென்ன செய்தது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். சுற்றுலா வாகன வரம்பால் வருமானம் இழக்கும் சிறு வணிகர்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். எங்கள் பங்கின் வளாகத்தில் உள்ள அந்நிய மரக்கன்றுகளை நாங்களே அகற்றத் தொடங்குகிறோம். திருவிழாவில் ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, தம்ளர் இனி இல்லை.”

இது போதுமா?

■ ஓய்வு_வனவர்

நன்றாக வந்திருக்கிறது. ஒரு வரி சேருங்கள். சூரிய ஆய்வகம் 1899-லிருந்து இருக்கிறது, அந்தக் குன்றில் வானிலைப் பதிவும் நடக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மழைக்கணக்கு நம் தலைக்கு மேலேயே இருக்கும்போது, ‘அந்தக் காலத்தில் இப்படிப் பெய்யும்’ என்று நாம் திண்ணையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அதைச் சுருக்கி ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

சரணாலயத்துக்குள் எதைத் தொடுவதாக இருந்தாலும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். ஆகவே நகல் சென்னைக்கும் போகட்டும். இல்லையென்றால் ‘என் அதிகாரத்தில் இல்லை’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

■ மூஞ்சிக்கல்_கடை

கடைக்காரனுக்கும் ஒரு வரி வந்துவிட்டது, நன்றி சகோதரி. எங்கள் ஜமாஅத் தலைவரிடம் பேசினேன். தனியாக ஒரு கடிதம் வைக்கலாம் என்கிறார். ஒரே மனுவில் எல்லார் முத்திரையும் இருந்தால் ‘தேர்தல் வேலையா’ என்று சந்தேகப்படுவார்களாம். தனித்தனித் தாள், ஒரே கோரிக்கை, ஒரே நாள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

■ தாராபுரம்_பாதயாத்திரை

அப்படியானால் எங்கள் பாதயாத்திரைக் குழுவும் அறநிலையத்துறைக்கும் தேவஸ்தானத்துக்கும் ஒன்று எழுதும். சண்முகநதியும் வாழையும் எங்கள் பங்கு. வாட்டில் பற்றிய பத்தியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

■ மேல்மலை_பூண்டு

மனு மட்டும் வேண்டாம். வழக்கமாக அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது, உங்கள் பிரான்சிஸ் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால். கொடைக்கானல் நகராட்சி என்பதால் டவுன் ஆட்களுக்குக் கிராம சபை கிடையாது. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, தாண்டிக்குடி எல்லாம் ஊராட்சி. தீர்மானமாகப் போட்டுவிட்டால் குறைதீர் மனு மாதிரி அவ்வளவு சுலபமாக அதைத் தூக்கிப் போட முடியாது. எங்கள் ஊரில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் இருக்கிறது.

■ காப்பித்தோட்டம்

தாண்டிக்குடியில் நான் பார்த்துக்கொள்கிறேன். பொருள் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. கடைசி நேரத்தில் எழுந்து பேசினால், ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்பார்கள்.

■ சும்மா_வந்தேன்

நான் வில்பட்டிதான். எங்கள் ஊரில் யார் பேசப் போகிறார்கள்?

■ செண்பகனூர்க்காரி

நீங்கள்தான் தம்பி, வேறு யார்? தீர்மான வாசகத்தை இன்று இரவுக்குள் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

■ மேல்மலை_பூண்டு

வில்பட்டித் தம்பிக்கு ஒன்று. வாய்மொழியாக ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று மைக்கில் சொல்வதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கிற வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வாசகம் மாறாமல் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து, வெற்றிடம் விட்டிருந்தால் கோடு போடச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.